முட்டையும் பாலும் இல்லாத பூசணி மஃபின்: முழுக்கோதுமையில் மெத்தென்று வருமா?

மார்க்கம்_வாசி | அக்டோபர் 2, இரவு 8:40

எல்லாருக்கும் வணக்கம். இங்க கனடாவில தாங்க்ஸ்கிவிங் வரப்போகுது. மூத்தவள் இந்த வருசம் தொடக்கம் வீகன், முட்டை, பால், பட்டர், தேன் ஒண்டும் தொடமாட்டாள். சின்னவளுக்குப் பள்ளிக்கூடத்துக்கும் குடுத்துவிட வேணும், அங்க கச்சான், முந்திரி, பாதாம் ஒண்டும் கொண்டு போகேலாது. பண்ணைக்குப் போய் பை பூசணி, அதாவது பை (pie) செய்யிற சின்னப் பூசணி, வாங்கி வந்து வைச்சிருக்கிறம்.

இணையத்தில தேடினா எல்லாரும் முட்டைக்குப் பதிலா ஆளிவிதை, எண்ணெய்க்குப் பதிலா அப்பிள் சோஸ், சீனிக்குப் பதிலா மேப்பிள் சிரப், வெள்ளை மாவுக்குப் பதிலா முழுக்கோதுமை மா எண்டு சொல்லினம். இந்த நாலையும் ஒரே நேரத்தில மாத்தினாலும் மெத்தெண்டு வருமோ? செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ.

கோதுமைமணி, ஒட்டாவா | அக்டோபர் 2, இரவு 9:55

நாலையும் ஒண்ணா மாத்தாதீங்க. ஆளிவிதையும் முழுக்கோதுமையும் சரி. எண்ணெயை முழுசா எடுக்காதீங்க. சர்க்கரைக்கு மேப்பிள் சிரப் போட்டா மத்த தண்ணியைக் குறைக்கணும்.

முட்டையை எடுத்தா என்ன ஆகுமோன்னுதான் எல்லாரும் பயப்படுறாங்க. மஃபின்ல அது சின்ன விஷயம். 12 மஃபினுக்கு ரெண்டு முட்டை போடுவாங்க, அதை அடிச்சு நுரைக்க வைக்கிற வேலையும் கிடையாது. உப்ப வைக்கிறது பேக்கிங் பவுடரும் சோடாவும். நிக்க வைக்கிறது பெரும்பாலும் மாவுல இருக்கிற ஸ்டார்ச்சும் குளூட்டனும். முட்டை தர்ற பிடிப்பை ஆளிவிதைப் பொடியோட பசையும் பூசணி நாரும் ஈடுகட்டிடும். 2 டேபிள்ஸ்பூன் பொடியை 5 டேபிள்ஸ்பூன் தண்ணியில 10 நிமிஷம் ஊற வச்சா போதும். முழு விதையைப் போடாதீங்க, பொடிச்சதுதான் சீக்கிரம் பசை விட்டு மாவோட கலக்கும். பொடிச்சதை ஃப்ரீசர்ல வைங்க, வெளியில இருந்தா சிக்கு வாடை வந்துடும்.

நிஜமான பிரச்சினை பூசணியோட தண்ணி. வீட்டில வேக வச்ச பை பூசணி பத்துல ஒன்பது பங்கு தண்ணிதான். டின்ல வர்றது நல்லா இறுகி இருக்கும், சமையல் குறிப்பு எழுதுறவங்க பெரும்பாலும் அந்த டின்னை மனசுல வச்சுத்தான் அளவு கொடுக்கிறாங்க. அதே ஒரு கப் அளவுக்கு வீட்டுப் பூசணியைப் போட்டா நடுவுல வேகாம ஒட்டும், மேலே பள்ளம் விழும். அந்தப் பழி முட்டை மேல போகும். வீகன் மஃபின் அப்படித்தான் இருக்கும்னு நம்ம ஆளுங்க முடிவே கட்டிடுறாங்க, அதுதான் எனக்கு வருத்தம்.

அதனால பூசணியை ரெண்டா வெட்டி, விதை எடுத்து, வெட்டின பக்கம் கீழே இருக்கிற மாதிரி கவுத்து வச்சு 400 டிகிரி ஃபாரன்ஹீட்ல முக்கால் மணி நேரம் சுடுங்க. தண்ணியில வேக வைக்கவே வேண்டாம். சதையை வழிச்சு மசிச்சு, மெல்லிய துணி போட்ட வடிகட்டியில ஒரு மணி நேரம் விடுங்க. அவசரம்னா அகலமான வாணலியில எண்ணெய் இல்லாம மிதமான தீயில கிளறி வத்த வைங்க. எனக்கு ரெண்டாவது வழிதான் பிடிக்கும். தண்ணி போறதோட இனிப்பும் கூடும், பச்சை வாசனையும் போயிடும். ஒரு கரண்டி எடுத்துத் தட்டில வச்சா சுத்தி தண்ணி கசியக்கூடாது, அதுதான் பதம்.

மார்க்கம்_வாசி | அக்டோபர் 2, இரவு 10:20

நல்லா விளங்கிச்சு, நன்றி. எண்ணெயை ஏன் எடுக்கக் கூடாது எண்டும் சொல்லுங்கோ. மூத்தவள் கேப்பாள்.

கோதுமைமணி, ஒட்டாவா | அக்டோபர் 3, காலை 6:35

எண்ணெய் மாவுத் துகளைச் சுத்திப் படியும். அப்படிப் படியும்போது குளூட்டன் நீளமா இழை கட்டாது, மஃபின் பொலபொலன்னு உதிரும். எண்ணெயே இல்லாம ஆப்பிள் சாஸ் மட்டும் போட்டா ரப்பர் மாதிரி இழுக்கும், பேப்பர் கப்போட ஒட்டிக்கிட்டுப் பாதி மஃபின் அதுலயே போயிடும். பாதி எண்ணெய், பாதி ஆப்பிள் சாஸ் வரைக்கும் போகலாம். ஆனா ஏற்கனவே பூசணி இருக்கிற மாவுல அதுவும் தேவையில்லன்னு நான் நினைக்கிறேன். மொத்தம் மூணில் ஒரு கப் எண்ணெய்தான், அது 12 மஃபினுக்குப் பிரியுது.

நான் செய்யிற அளவு இது. முழுக்கோதுமை மாவு 220 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், பேக்கிங் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், பட்டைத்தூள் 2 டீஸ்பூன், சுக்குத்தூள் 1 டீஸ்பூன், சாதிக்காய் கால் டீஸ்பூன், கிராம்புத்தூள் ஒரு சிட்டிகை. இதெல்லாம் ஒரு பாத்திரத்தில. இன்னொண்ணுல தண்ணி வடிச்ச பூசணி விழுது 245 கிராம், அதாவது ஒரு கப், பிரவுன் சுகர் 130 கிராம், எண்ணெய் 80 மில்லி, ஊற வச்ச ஆளிவிதை, அப்புறம் 80 மில்லி சோயா பால்ல 2 டீஸ்பூன் ஆப்பிள் சிடர் வினிகர் விட்டுத் திரிய விட்டது. அந்தப் புளிப்புதான் சோடாவை எழுப்பும்.

ரெண்டையும் சேர்த்து, உலர் மாவு கண்ணுக்குத் தெரியாத வரைக்கும் மட்டும் கிளறுங்க. கட்டி கட்டியா இருந்தா இருக்கட்டும். மழுமழுன்னு வர்ற வரைக்கும் அடிச்சா உள்ளே சுரங்கம் மாதிரி நீள ஓட்டைகள் விழும். மூடி வச்சு 15 நிமிஷம் சும்மா விடுங்க, முழுக்கோதுமையில இருக்கிற தவிடு தண்ணி குடிக்க நேரம் வேணும். ஓவனை 425 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு நல்லா சூடாக்கி, கப்புல முக்கால் அளவுக்கு மேலே நிரப்பி, 5 நிமிஷம் அந்தச் சூட்டில வச்சு, கதவைத் திறக்காம 350க்கு இறக்கி இன்னும் 15லிருந்து 17 நிமிஷம். முதல்ல அடிக்கிற சூட்டிலதான் மேல்பக்கம் குவிஞ்சு எழும்பும்.

வாட்டர்லூ_மாணவன் | அக்டோபர் 3, மதியம் 1:15

வணக்கம், மூணு கேள்வி. எங்க அறையில சப்பாத்திக்கு வாங்கின 20 பவுண்டு ஆட்டா பைதான் இருக்கு, அதையே போடலாமா? சோயா பால் இல்ல, ஓட்ஸ் பால் இருக்கு. அப்புறம் இந்த மாசக் கடைசியில ஹாலோவீன் முடிஞ்சதும் பெரிய பூசணி எல்லாம் ரொம்ப மலிவா வருமே, அது ஆகுமா?

கோதுமைமணி, ஒட்டாவா | அக்டோபர் 3, மாலை 5:50

ஆட்டா போடலாம் தம்பி, ஆனா முழுசா வேண்டாம். சக்கியில, அதாவது கல் இயந்திரத்துல, ரொம்ப நைசா அரைச்சது அது. அரைக்கும்போது ஸ்டார்ச் உடைஞ்சு போறதால நிறையத் தண்ணி இழுக்கும். சப்பாத்தி மிருதுவா வர்றதுக்கு அதுதான் காரணம், மஃபினுக்கு அதுவே பாரமாயிடும். பாதி ஆட்டா, பாதி மைதா போடுங்க. மாவு உளுந்து வடை மாவை விடக் கொஞ்சம் இளக்கமா இருக்கணும். இறுகிப்போச்சுன்னா ஒண்ணு ரெண்டு ஸ்பூன் பால் சேருங்க.

இதோட சேர்த்து எல்லாருக்கும் ஒண்ணு. கனடாவில பையில "முழுக்கோதுமை மாவு"ன்னு மட்டும் போட்டிருந்தா அதுல தானியத்தோட 5 சதவீதம் வரைக்கும் எடுத்திருக்கச் சட்டம் அனுமதிக்குது. சீக்கிரம் சிக்கு அடிக்காம இருக்கத்தான் எடுக்கிறாங்க, அதனால முளைப்பகுதிதான் பெரும்பாலும் போகும். எதுவுமே எடுக்காத மாவு வேணும்னா "முழுத்தானிய முழுக்கோதுமை"ன்னு எழுதியிருக்கிற பையைத் தேடுங்க. ஆரோக்கியத்துக்காகத்தான் இந்த மாவுன்னு வாங்குறவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்கணும்.

ஓட்ஸ் பால் பரவாயில்ல, சோயா மாதிரி திரியாது, அவ்வளவுதான். வினிகரை அப்படியே விடுங்க, புளிப்பு வேலை செய்யும். நிறம் கொஞ்சம் வெளிறி இருக்கும். அதுக்கு 2 டேபிள்ஸ்பூன் மாவை எடுத்துட்டு அந்த அளவு கடலை மாவு போட்டா புரதம் கூடி மேலே நல்லா சிவக்கும்.

ஹாலோவீன் பூசணியை வேண்டாம்னுதான் சொல்வேன். செதுக்குறதுக்காக வளர்க்கிற ரகம், நார்நாரா, சப்புன்னு இருக்கும். செதுக்கி வாசல்ல வச்சதை எந்தக் காரணத்துக்காகவும் சமைக்காதீங்க, வெட்டின காய் மணிக்கணக்கா வெளியில கிடந்தது. மலிவா வேணும்னா பட்டர்நட்ங்கிற பூசணி ரகத்தை வாங்குங்க. அமெரிக்காவில டின்ல அடைக்கிற பூசணியில பெரும்பங்கு டிக்கின்சன்னு ஒரு ரகம், அதுவும் பட்டர்நட்டும் ஒரே தாவர இனம். சதை கெட்டி, தண்ணி குறைவு, இனிப்பு அதிகம். பை பூசணியை விட எனக்கு அதுதான் மேல்.

பனங்கட்டி, ஸ்காபரோ | அக்டோபர் 3, இரவு 9:05

பிள்ளையள், பட்டர்நட் எண்டு தேடித் திரியத் தேவையில்லை. எங்கட தமிழ்க் கடையளில துண்டு துண்டா வெட்டி விக்கிற மஞ்சள் பூசணியும் அந்த இனம்தான். நான் அதைத்தான் போடுறனான், நல்ல செம்மஞ்சள் நிறமா வரும். கறிக்கு வாங்கேக்க ஒரு துண்டு கூட வாங்கினாச் சரி.

கறுவாவைப் பற்றி ஒரு சொல். இங்க சூப்பர் மார்க்கெட்டில தூளா விக்கிறது பெரும்பாலும் கசியா. அது காரமா, தடிச்ச மணமா இருக்கும். இலங்கைக் கறுவா மெல்லிய பட்டை, இனிப்பான மணம். பட்டையா வாங்கி வீட்டில இடிச்சு அரிச்சுப் போட்டுப் பாருங்கோ. ரெண்டு ஏலக்காயும் சேத்து இடிச்சா வீடு முழுக்க மணக்கும். சீனிக்குப் பதிலா நான் பனங்கட்டி துருவிப் போடுறனான், அதே நிறைதான். சோயாப் பால் ஒத்து வராத ஆக்களுக்குத் தேங்காய்ப்பால், எண்ணெயும் தேங்காயெண்ணெய்.

கோதுமைமணி, ஒட்டாவா | அக்டோபர் 3, இரவு 9:40

பனங்கட்டியும் பூசணியும் அருமையான ஜோடி அம்மா, அதுல மறுபேச்சே இல்ல. கசியா பத்தி மட்டும் எனக்கு வேற எண்ணம். இத்தனை பூசணிக்கும் தவிட்டு வாசனைக்கும் நடுவுல இலங்கைப் பட்டையோட மென்மை அமுங்கிப் போயிடுது. நான் பாதிக்குப் பாதி போடுவேன்.

தேங்காயெண்ணெய்க்கு ஒரு எச்சரிக்கை. 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறையும். அக்டோபர்ல நம்ம சமையலறை அதை விடக் குளிர்ச்சி. உருக்கின எண்ணெயை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பால்ல விட்டா மணல் மணலா திரண்டுடும், மஃபின்ல அங்கங்கே எண்ணெய்க் குழி விழும். பாலையும் பூசணியையும் முன்னாடியே வெளியில எடுத்து வைங்க, இல்லன்னா வெதுவெதுன்னு சூடாக்கிக்குங்க.

குளிர்_ஊர், வினிபெக் | அக்டோபர் 4, காலை 10:10

எல்லாம் சரிங்க, ஆனா இதை ஆரோக்கியமான பண்டம்னு சொல்றது எனக்கு ஒப்பலை. 130 கிராம் சர்க்கரை. முட்டை, பால் இல்லைங்கிறதுக்காக அது உடம்புக்கு நல்லதாயிடுமா? எனக்குச் சர்க்கரை நோய் இருக்கு, அதனால கேக்கிறேன். மேப்பிள் சிரப் இயற்கையானது, அதனால பரவாயில்லன்னு வேற நிறைய பேர் எழுதுறாங்க.

கோதுமைமணி, ஒட்டாவா | அக்டோபர் 4, மதியம் 12:30

நியாயமான கேள்விங்க. வீகன்னு சொன்னாலே சத்துன்னு அர்த்தம் கிடையாது, ஒத்துக்கிறேன். கணக்குப் பார்ப்போம். 130 கிராமை 12ஆ பிரிச்சா ஒரு மஃபினுக்கு 11 கிராம் சர்க்கரை. சேர்த்துக்கிற சர்க்கரையை மொத்தச் சக்தியில 10 சதவீதத்துக்குள்ள வைங்க, முடிஞ்சா 5க்குள்ள கொண்டு வாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. அந்த 5 சதவீதம் ஒரு பெரியவருக்கு நாளைக்கு 25 கிராம் அளவுல வரும். மேப்பிள் சிரப், பனங்கட்டி, தேன் எல்லாமே அந்தக் கணக்குலதான் சேரும், நீங்க சொன்னது ரொம்பச் சரி.

100 கிராமுக்குத் தாராளமாக் குறைக்கலாம். அதுக்குக் கீழே போனா இனிப்பு மட்டும் குறையாது, ஈரமும் போயிடும், ஏன்னா தண்ணியைப் பிடிச்சு வைக்கிறது சர்க்கரைதான். 60 கிராம் சர்க்கரையோட 80 கிராம் பேரீச்சம்பழத்தை வெந்நீர்ல ஊற வச்சு அரைச்சுப் போட்டா நார்ச்சத்து கிடைக்கும், ஈரமும் நிக்கும். ஆனா பேரீச்சம்பழமும் இனிப்புதான், உங்க சர்க்கரை அளவுக்கு எவ்வளவு சாப்பிடலாம்னு உங்க டாக்டர் இல்ல டயட்டீஷியன்கிட்டக் கேட்டு முடிவு பண்ணுங்க.

இன்னொரு விஷயம், வீகன் வீட்டுக்காரங்களுக்கு. வட அமெரிக்காவில கரும்புச் சர்க்கரையைச் சில ஆலைகள் எலும்புக்கரி வச்சு வெளுக்க வைக்கிறாங்க. பிரவுன் சுகரும் பெரும்பாலும் வெளுத்த சர்க்கரையில பாகைத் திரும்பச் சேர்த்ததுதான். கண்டிப்பா இருக்கிறவங்க ஆர்கானிக் சர்க்கரை வாங்கலாம், அதுல எலும்புக்கரிக்கு இடமில்ல.

குளிர்_ஊர், வினிபெக் | அக்டோபர் 4, மதியம் 1:05

நன்றிங்க. பேரீச்சம்பழ அளவுல சின்னதா, 24 குழி இருக்கிற மினி ட்ரேயில செஞ்சு பாக்கிறேன். சுக்கைக் கொஞ்சம் கூட்டிப் போட்டா இனிப்பு குறைவு தெரியாதுன்னு நினைக்கிறேன்.

மார்க்கம்_வாசி | அக்டோபர் 5, இரவு 7:30

ஒரு புதுச் சந்தேகம். என்ர தங்கச்சி பள்ளிக்கூடத்துக்கு எண்டு பாதாம் பட்டருக்குப் பதிலா சூரியகாந்தி விதை பட்டர் போட்டுச் செய்தவள். ஓவனுக்கால எடுக்கேக்க நல்லா இருந்ததாம். அடுத்த நாள் பிச்சுப் பாத்தா உள்ளுக்குப் பச்சை! பூஞ்சணம் எண்டு நினைச்சு எல்லாத்தையும் எறிஞ்சிட்டாள். உண்மையில அது என்ன?

கோதுமைமணி, ஒட்டாவா | அக்டோபர் 5, இரவு 8:15

அது பூஞ்சணம் இல்லைங்க, சாப்பிடலாம். சூரியகாந்தி விதையில குளோரோஜெனிக் அமிலம்னு ஒண்ணு இருக்கு. மாவுல சோடா தூக்கலா இருந்து காரத்தன்மை கூடினா, ஆறும்போது அது புரதத்தோட சேர்ந்து பச்சையாயிடும். அதனாலதான் சூடா இருக்கும்போது தெரியலை. சோடாவைக் கால் டீஸ்பூனாக் குறைச்சு, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு கூட விடச் சொல்லுங்க. ப்ளூபெர்ரி போட்ட மஃபின் சுத்தி நீலப்பச்சையா மாறுறதும் சோடாவாலதான், அங்க வேற நிறமி.

பூசணி மஃபினுக்கு விதை பட்டரே தேவையில்ல. பூசணி விதையை வறுத்து மேலே தூவுங்க, பச்சையா தெரிஞ்சாலும் அது விதையோட சொந்த நிறம்.

மதியமணி, பிராம்ப்டன் | அக்டோபர் 5, இரவு 9:20

நான் ஒரு ஆரம்பப் பள்ளியில மதிய உணவு நேரத்தைப் பாத்துக்கிறேன், அதனால குறுக்கிடுறேன். ஒன்ராறியோவில சப்ரீனா சட்டம்னு ஒண்ணு இருக்கு. பள்ளியில ஒவ்வாமையால 2003இல் இறந்துபோன சப்ரீனா ஷானன்ங்கிற பொண்ணு பேர்ல 2005இல் நிறைவேத்தினது. கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைங்களைக் காக்க ஒவ்வொரு பள்ளி வாரியமும் ஒரு திட்டம் வச்சிருக்கணும்னு அது சொல்லுது. எந்தெந்தச் சாப்பாடு கூடாதுன்னு முடிவு பண்றது அந்தந்த வாரியமும் பள்ளியும்தான். சில வகுப்புகள்ல எள்ளு, சோயா ஒவ்வாமை உள்ள பிள்ளைங்களும் இருப்பாங்க. பாதாம், முந்திரி மாதிரி மர நட்ஸ் பட்டியல்ல தேங்காய் வராதுன்னு கனடா அரசோட சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா சொன்னாலும், வகுப்பு ஆசிரியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொடுத்துவிடுங்க. பிறந்தநாளுக்கு எல்லாருக்கும் பங்கு வைக்கிறதா இருந்தா முன்னாடியே சொல்லணும், நாங்க அதைக் கொடுக்க முடியாம திருப்பி அனுப்பும்போது பிள்ளை முகத்தைப் பாக்க முடியறதில்ல.

மார்க்கம்_வாசி | அக்டோபர் 5, இரவு 9:45

மிச்சம் நன்றி மதியமணி. நாளைக்கே கேக்கிறன். பூசணியோட அப்பிளும் போட விருப்பம், பண்ணையில பிடுங்கினது ஒரு பை கிடக்குது, எல்லாம் மக்கின்டொஷ்.

பனங்கட்டி, ஸ்காபரோ | அக்டோபர் 6, காலை 8:10

மக்கின்டொஷ் இந்த மண்ணில பிறந்த பழம் பிள்ளை. 1811இல இதே ஒன்ராறியோவில, டன்டெலா எண்ட இடத்தில ஜோன் மக்கின்டொஷ் எண்டவர் காடு வெட்டேக்க கண்டெடுத்த கன்றில இருந்து வந்தது. ஆனா அவிஞ்சா அப்பிடியே கரைஞ்சு போகும். துண்டு துண்டா வாயில கடிபட வேணும் எண்டா நோர்தர்ன் ஸ்பை, கோர்ட்லண்ட், ஹனிகிறிஸ்ப் போடுங்கோ. மக்கின்டொஷில சோஸ் காய்ச்சி வையுங்கோ, சீனியே தேவையில்லை. அப்பிள் துண்டு ஒரு கோப்பை போட்டா பாலைக் கொஞ்சம் குறையுங்கோ. கிரான்பெரி புதுசா வாற நேரமும் இதுதான். ஒரு பிடி அரைஞ்சு போட்டா அந்தப் புளிப்பு பூசணிக்கு எடுப்பா இருக்கும்.

வாட்டர்லூ_மாணவன் | அக்டோபர் 8, இரவு 11:20

பாதி ஆட்டா, பாதி மைதா, கடலை மாவு, ஓட்ஸ் பால் போட்டுச் செஞ்சோம். நல்லா குவிஞ்சு வந்துச்சு, மேலே சிவந்திருந்தது. பூசணியை வாணலியில வத்த வைக்க நேரம் ஆனாலும் அது வீண் போகலை. ஓவன்ல ஃபேன் ஓடுற மாதிரி ஒரு பொத்தான் இருக்கு, அதைப் போடணுமா? இன்னைக்குப் போடலை.

கோதுமைமணி, ஒட்டாவா | அக்டோபர் 9, காலை 6:50

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஃபேன் போட்டா சூட்டை 25 டிகிரி ஃபாரன்ஹீட் குறைச்சுக்குங்க, நேரமும் ரெண்டு மூணு நிமிஷம் குறையும். ஒரே ஒரு ட்ரேதான்னா ஃபேன் இல்லாமலே நல்லா வரும். ரெண்டு ட்ரே ஒண்ணா வைக்கும்போது போடுங்க.

மார்க்கம்_வாசி | அக்டோபர் 9, மாலை 4:05

ஞாயிற்றுக்கிழமை செய்யப்போறம். சனத்துக்கு ஒரு ட்ரே, பள்ளிக்கூடத்துக்கு ஒண்டு. எத்தினை நாள் வைக்கலாம்?

கோதுமைமணி, ஒட்டாவா | அக்டோபர் 9, மாலை 6:30

பூசணி ஈரம் இருக்கிறதால வெளியில ரெண்டு நாள்தான். டப்பாவில அடியிலயும் மேலேயும் ஒரு பேப்பர் டவல் வைங்க. பள்ளிக்கூடத்து ட்ரேயை முழுசா ஆற விட்டு, ஒவ்வொண்ணா சுத்தி ஃப்ரீசர்ல போடுங்க, மூணு மாசம் வரைக்கும் நல்லா இருக்கும். சூட்டோட மூடினா உள்ளே வேர்த்து மேல்பக்கம் நசநசன்னு ஆயிடும். காலையில ஃப்ரீசர்ல இருந்து நேரா சாப்பாட்டுப் பையில வச்சா மதியத்துக்குள்ள இளகிடும். எண்ணெய் குறைவான மாவு சாதாரண பேப்பர் கப்புல ஒட்டும், பார்ச்மென்ட் கப் வாங்குங்க, இல்லன்னா கப்பே இல்லாம ட்ரேயில எண்ணெய் தடவி ஊத்துங்க.